தாடை மூட்டும் வாய் திறவாமையும்

காதின் முன்புறம் விரலை வைத்து வாயைத் திறந்தால், கீழ்த்தாடையின் குமிழ் அசைவதை உணரலாம். குமிழுக்கும் பொட்டெலும்பின் குழிக்கும் இடையே நார்த்தட்டு ஒன்று உள்ளது. வாய் திறக்கத் தொடங்கும்போது குமிழ் சுழல்கிறது. அகலத் திறக்கையில் தட்டுடன் முன்னோக்கிச் சறுக்குகிறது. தட்டு இடம் பெயர்ந்தால் ‘கிளிக்’ ஓசை எழும். வலியில்லாத ஓசைக்குப் பெரும்பாலும் சிகிச்சை வேண்டியதில்லை.

வாய் திறவாமைக்கு மூட்டு மட்டுமே காரணமன்று. பாக்கு மெல்லுவோருக்கு வாயின் உட்சவ்வு நாராக இறுகிவிடுவதுண்டு. அது புற்றுநோயாகவும் மாறக்கூடும். இதனை மூட்டுக் கோளாறெனக் கருதிக் காலங்கடத்துவது ஆபத்தாகும். கேரளம் 2012-இல் குட்காவைத் தடை செய்தது. வெறும் பாக்கோ இன்றும் கடைகளில் கிடைக்கிறது.

குழந்தை மோவாய் அடிபட விழுந்தால் குமிழ் முறியக்கூடும். கவனியாவிடில் எலும்புகள் ஒட்டிக்கொண்டு, வாய் திறவாமற்போவதுடன் தாடை வளர்ச்சியும் குன்றும்.