நடையை அளக்கும் ஒளிக்கண்கள்

மூளை முடக்குவாதமுள்ள குழந்தை நுனிக்காலில் நடப்பதற்குக் கெண்டைத்தசையின் இறுக்கம் காரணமாகலாம். முழங்கால் நிமிராமல் மடங்கியே இருப்பதும் காரணமாகலாம். கண்ணால் பார்த்து இவற்றைப் பிரித்தறிவது கடினம். நீட்டக் கூடாத தசைநாரை நீட்டிவிட்டால் நடை மேலும் தளர்ந்துவிடும். ஆகவேதான் அறுவை சிகிச்சைக்கு முன் நடைப் பகுப்பாய்வு பரிந்துரைக்கப்படுகிறது.

குழந்தையின் இடுப்பிலும் கால்களிலும் ஒளியைத் திருப்பியனுப்பும் சிறு உருண்டைகள் ஒட்டப்படும். சுற்றிலுமுள்ள அகச்சிவப்புக் கேமராக்கள் அவற்றை நொடிக்கு 100 முறை அளவில் படமெடுக்கும். ஓர் உருண்டையைக் குறைந்தது 2 கேமராக்களாவது கண்டால்தான் அதன் இடம் தெரியும். ஒரே கோட்டில் அமையாத 3 உருண்டைகள் இருந்தால், அவ்வுறுப்பு முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் நகர்வதோடு, அந்த 3 அச்சுகளைச் சுற்றித் திரும்புவதும் சேர்த்து 6 வகை அசைவுகளும் கணக்கிடப்படும்.

கேமரா எவ்வளவு நுட்பமாக அளந்தாலும், உருண்டை ஒட்டியிருப்பது தோலில், எலும்பில் அன்று. தோல் நகரும் அளவுக்குக் கணக்கும் பிசகும். எனவே மருத்துவர் கையால் பரிசோதித்து அறிந்ததையும் சேர்த்தே முடிவெடுப்பார்.

இதில் எக்ஸ் கதிர் இல்லை, ஊசியும் இல்லை. ஒட்டுநாடாவை உரிக்கும்போது மட்டும் சிலர் சிணுங்குவதுண்டு! குட்டையான அரைக்கால் சட்டையையும், குழந்தை வழக்கமாக அணியும் கால்தாங்கிகளையும் மறவாமல் கொண்டு வாருங்கள்.