கல்முனையில் கலையரங்கும் ஒலித்தடையும்

பக்கீர் பைத்தும் பொல்லடியும் ஒலிபெருக்கி வருமுன்னரே அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் வேரூன்றிய கலைகள். றபானின் அடியும் பொல்லுகள் மோதும் ஓசையும் அக்காலத் தெருவிற்குப் போதுமானவையாயிருந்தன. இன்றோ கல்முனைப் பிரதான வீதியருகே அத்தகைய நிகழ்ச்சியொன்றை ஒழுங்கு செய்வோர் முதலில் தேடுவது ஒலிவாங்கியையே. வாகன இரைச்சலை வெல்ல இசையை உரப்புகின்றோம். அயலிலுள்ள நோயாளிக்கும் மாணவனுக்கும் அவ்விசையே இரைச்சலாகின்றது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிப் பாவனையைப் பொதுவாக மட்டுப்படுத்திய 2007ஆம் ஆண்டுத் தீர்ப்பில், இலங்கை உயர் நீதிமன்றம் கேட்க விரும்பாதவரின் உரிமையைக் காத்தது. கேட்க விரும்புவோருக்கு நாம் யாது செய்துள்ளோம்?

ஒலிபெருக்கி வேண்டாத அரங்கொன்றை அமைப்பதே விடையெனக் கருதுகின்றோம். இம்முயற்சியில் ஒலித்தடையையும் ஒலி உறிஞ்சலையும் ஒன்றெனக் கொள்வோர் பலர். மருதமுனைக் கைத்தறித் துணியைத் திரையாகத் தொங்கவிடினும், தும்புப் பாயைச் சுவரில் ஒட்டினும், அரங்கினுள் எதிரொலி குறையுமேயன்றி வெளியோசை நில்லாது. இன்னுஞ் சொல்வதாயின், மெல்லிய துணி உயர்மீடிறன் ஓசைகளையே பெரிதும் உறிஞ்சும். பொல்லின் கூரிய ஒலியும் பாடற் சொற்களின் தெளிவும் மங்க, பேருந்தின் தாழ்ந்த உறுமல் மாத்திரம் வந்துகொண்டேயிருக்கும்.

வெளியோசையைத் தடுப்பது திணிவு. சுவரின் திணிவு இருமடங்காகும்போது தடை ஏறத்தாழ 6 டெசிபல் உயரும். இருபுறமும் பூசப்பட்ட 9 அங்குலச் செங்கற்சுவர் ஏறத்தாழ 50 டெசிபல் தடுக்கும். ஆயின் அச்சுவர்ப் பரப்பில் நூறிலொரு பங்கு திறந்திருப்பின், தடை 20 டெசிபலுக்கு மேற் செல்லாது. கதவடி இடுக்கும் யன்னற் சந்தும் செங்கல்லின் பயனைக் கெடுத்துவிடுகின்றன. (தகரக் கூரையின் கதை தனி; மாரி மழையில் அதன்கீழ் எவரும் பாடவியலாது.)

இங்குதான் நம் காலநிலை குறுக்கிடுகின்றது. கச்சான் வீசும் மாதங்களில் யன்னல் சாத்திய மண்டபத்தில் ஒரு மணிநேரம் இருத்தல் அரிது. குளிரூட்டியின் மின் கட்டணமோ சிறு கலைக்கழகங்களின் சக்திக்கு அப்பாற்பட்டது. காற்று வரவேண்டும், ஓசை வரலாகாது. இரண்டு மூன்று முறை மடிந்து செல்லும் குழாய்வழி அமைத்து, அதன் உட்புறம் தும்பு பதித்து, மின்விசிறியாற் காற்றை இழுக்கலாம். ஒவ்வொரு மடிப்பிலும் ஓசை தேயும். தாழ்ந்த ஓசை அவ்வளவு தேயாது. தும்பிற்குரிய இடம் சுவரன்று, இதுவே. எளிதிற் தீப்பற்றுவதாதலின் தீத்தடுப்பு இரசாயனம் ஊட்டுதல் அவசியம். களஞ்சியம், ஒப்பனையறை, படிக்கட்டு ஆகியவற்றை வீதிப்பக்கம் நிறுத்தி அரங்கைக் கடற்பக்கம் ஒதுக்குவதற்கு மேலதிகச் செலவு அதிகமில்லை. ஆனால் வரைபடம் கீறும்போதே அதனைத் தீர்மானித்தாக வேண்டும். வாயிலில் இரு கதவுகளுக்கிடையே சிறு நடை விடுவதும் அவ்வாறே. கட்டி முடிந்த மண்டபங்களிற் பெரும்பாலும் எஞ்சுவன, கதவைப் பாரமாக்குதலும் அதன் விளிம்புகளுக்கு இறப்பர் பதித்தலுமே.