பாஞ்சாலங்குறிச்சி முற்றுகையும் மஸ்கட் துப்பாக்கியின் எல்லையும்

பாளையக்காரர் போர்களைக் கற்பிக்கும்போது, துப்பாக்கியின்முன் வேல் தோற்றது என ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். 1801ஆம் ஆண்டுப் பாஞ்சாலங்குறிச்சி முற்றுகை இக்கருத்தை மறுஆய்வு செய்யத் தூண்டுகின்றது.

முதலில் கருவியின் இயல்பைக் காண்போம். கும்பினிப் படையில் பெரிதும் வழங்கிய மஸ்கட் துப்பாக்கி ஏறத்தாழ 55 அங்குல நீளமும் 4 கிலோவுக்கு மேற்பட்ட எடையும் உடையது. குண்டும் மருந்தும் பொதிந்த காகிதச் சுருளைப் பல்லால் கிழித்து, சிறிது மருந்தைச் சிக்கிமுக்கிக் கல்லின் பொறி விழும் கிண்ணத்திலும், எஞ்சியதைக் குண்டுடன் குழலிலும் இட்டு, கோலால் இடித்து இறுக்கிய பின்னரே அதனைச் சுடவியலும். பயிற்சி பெற்ற வீரரும் நிமிடத்திற்கு இரண்டு அல்லது மூன்று முறையே சுடுவர். மருந்து நனைந்தால் அதுவும் இல்லை. நூறு கஜத்திற்கு அப்பால் குறியும் உறுதியன்று. ஆகவே, பலர் அணிவகுத்து ஒருசேரச் சுடுவதே அதன் வலிமையாகும். பகைவர் நெருங்கிவிட்டால், ஒரு குண்டுக்குப்பின் அஃது 17 அங்குலப் பயனெட் செருகிய ஆறடி ஈட்டி மட்டுமே.

மார்ச் 31 அன்று மெக்காலேயின் படை கோட்டைச் சுவரின் உடைப்பில் ஏறியபோது இக்குறை வெளிப்பட்டது. ஊமைத்துரையின் வீரர்கள் உட்புறப் பள்ளத்தில் குண்டு எட்டாதவாறு நின்று, ஏறத்தாழ 18 அடி நீள ஈட்டிகளால் மேலே வந்தவர்களைக் குத்தி வீழ்த்தினர். ஆறடி ஈட்டியால் அவர்களைத் தொடவும் இயலவில்லை. மீண்டும் கெட்டிப்பதற்கு அவகாசமும் இல்லை. தாக்குதல் பேரிழப்புடன் முறிந்தது. அதில் பங்குகொண்ட ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட தம் நினைவுக்குறிப்புகளில் இந்த ஈட்டி வீரர்களின் உறுதியை வியந்து பதிவு செய்துள்ளார்.

அக்னியூவின் தலைமையில் கூடுதல் படையும் பெரும்பீரங்கிகளும் வந்து சேர்ந்த பின்னரே, மே 24 அன்று கோட்டை வீழ்ந்தது. கோட்டையைத் திறந்தவை பீரங்கியும் ஆள்பலமும் இடையறாத வழங்கலுமே, மஸ்கட் அன்று. கோட்டைக்குள்ளும் துப்பாக்கிகள் இருந்தன என்பதையும் நாம் மறத்தலாகாது. எந்தத் தொலைவில் எக்கருவி பயன்படும் என்பதை அவ்வீரர்கள் நன்கறிந்திருந்தனர்.

எனவே, இத்தோல்வியை அறியாமையின் விளைவாக மாணவர்க்குக் காட்டுவது பிழையாகும். வீரத்தைப் போற்றுவதோடு, அதன் பின்னிருந்த போரறிவையும் எடுத்துரைப்பது ஆசிரியர்களாகிய நம் கடமையாகும்.