பலிபீடம் போன பிறகு

கி.மு. 63இல் ரோமப் படைத்தலைவர் பாம்பே ஜெருசலேமைப் பிடித்தார். பிடித்த கையோடு யூதர்களின் கோயிலுக்குள் போனார். பிராகாரங்களையெல்லாம் கடந்து, கருவறைக்குள்ளேயே கால் வைத்தார். தலைமைக் குருவைத் தவிர வேறு யாரும் நுழையக்கூடாத இடம் அது. அவரும்கூட ஆண்டுக்கு ஒரே நாள், பாவ நிவர்த்தித் திருநாளன்று மட்டும்தான் போவார். இவ்வளவு கட்டுக்காவலுக்கு உள்ளே பாம்பே கண்டது வெறும் அறையை. விக்கிரகம் இல்லை, உருவம் எதுவும் இல்லை. ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ் இதைப் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார்.

சென்ற வாரம் ஆபிரகாம், மோசே, சினாய் மலை என்று யூத மதத்தின் தொடக்கக் கதைகளைப் பார்த்தோம். இந்த வாரம், அந்த மதம் அநேகமாக அழிந்தே போயிருக்க வேண்டிய ஒரு கட்டத்துக்கு வருகிறோம். இன்று உலகில் நாம் காணும் யூத மதத்தின் முகம் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் உருவானது என்பது என் எண்ணம். ஆகவே இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஊருக்கு நாலு கோயில் பார்த்து வளர்ந்த நமக்கு ஒரு விஷயம் சட்டென்று மனதில் படியாது. யூதர்களின் சட்டப்படி பலி செலுத்தத் தகுந்த கோயில் உலகத்துக்கே ஒன்றுதான். தினமும் காலையில் ஓர் ஆட்டுக்குட்டி, மாலையில் ஓர் ஆட்டுக்குட்டி அங்கே பலியாகும். ஆண்டுக்கு மூன்று திருவிழாக்களுக்கு மக்கள் யாத்திரையாக வருவார்கள். தூர தேசத்தில் குடியேறிய யூதர்கூட அரை ஷெக்கல் கோயில் வரியை அனுப்பி வைப்பார். குருத்துவம் பரம்பரை உரிமை. ஆரோனின் வழிவந்தவர்கள் பலியிட, லேவியர்கள் பாடினார்கள். செய்த பாவம் தீரவும், பிள்ளை பெற்றவள் தூய்மை பெறவும், விளைச்சலுக்கு நன்றி சொல்லவும் அந்த ஒரு பீடமே கதி. தோரா என்ற வேத நூலில் 613 கட்டளைகள் இருப்பதாக மரபு சொல்கிறது. அவற்றில் பெரும் பங்கு கோயிலோடும் பலியோடும் கட்டுண்டவை.

அந்தக் கோயில் கி.பி. 70இல் எரிந்தது.

முன்பும் ஒரு முறை அது அழிந்திருக்கிறது. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் பாபிலோனிய மன்னன் நேபுகாத்நேச்சார் அதை இடித்து, மக்களைச் சிறைபிடித்துக்கொண்டு போனான். பின்னர் பாரசீக மன்னன் கோரேஷ் அவர்களைத் திரும்ப விட்டதும் இரண்டாவது கோயில் எழுந்தது. பிற்காலத்தில் மன்னன் ஏரோது அதைப் பிரம்மாண்டமாக விரித்துக் கட்டினான். கி.பி. 66இல் ரோமுக்கு எதிராகக் கலகம் வெடித்தது. நான்கே ஆண்டுகளில் தளபதி டைட்டஸ் நகரை முற்றுகையிட்டு அழித்தார். கோயிலின் ஏழு கிளைப் பொன் விளக்கை ரோம வீரர்கள் தோளில் சுமந்து போகும் காட்சி, ரோம் நகரில் டைட்டஸின் வெற்றி வளைவில் இன்றும் கல்லில் நிற்கிறது. யூதர்கள் தங்கள் கோயிலுக்குக் கொடுத்துவந்த வரியை இனி ரோமின் ஜூபிடர் கோயிலுக்குக் கட்ட வேண்டும் என்ற உத்தரவும் வந்தது. தோற்றவனை இதைவிடக் கொடுமையாக அவமதிக்க முடியுமா?

முற்றுகைக் காலத்துக் கதை ஒன்றை, பின்னால் நாம் பார்க்கப்போகும் தால்முத் என்ற நூல் சொல்கிறது. நகருக்குள் போராளிகள் யாரையும் வெளியே விடவில்லை. யோகனான் பென் சக்காய் என்ற முதிய ரப்பியை (வேத அறிஞரை), இறந்துவிட்டார் என்று சொல்லிச் சீடர்கள் பாடையில் வைத்து வெளியே தூக்கிப் போனார்கள். அவர் ரோமத் தளபதி வெஸ்பாசியன் முன்னால் போய் நின்றார். நகரைக் காப்பாற்று என்று அவர் கேட்கவில்லை. யாவ்னே என்ற சிற்றூரையும் அங்குள்ள அறிஞர்களையும் தரும்படி கேட்டார். இந்தக் கதை பல வடிவங்களில் கிடைக்கிறது, வரலாற்றாசிரியர்கள் இதை அப்படியே ஏற்பதில்லை. ஆனால் யாவ்னேயில் அறிஞர்கள் கூடியது உண்மை. தங்கள் மதம் எந்த வாசல் வழியாகத் தப்பியது என்று பிற்காலத்தவர் நம்பினார்கள் என்பதையும் இந்தக் கதை காட்டிவிடுகிறது.

யாவ்னேயில் யோகனான் எப்படி வேலை செய்தார் என்பதற்கு ஓர் உதாரணம். புத்தாண்டு நாளில் ஆட்டுக்கடாக் கொம்பை ஊத வேண்டும். அந்த நாள் ஓய்வுநாளில் வந்துவிட்டால் கோயிலில் மட்டுமே ஊதலாம் என்பது வழக்கம். கோயிலே இல்லாதபோது? யாவ்னேயில் ஊதுவோம் என்றார் யோகனான். முதலில் விவாதிப்போம் என்றார்கள் சிலர். முதலில் ஊதுவோம், பிறகு விவாதிப்போம் என்றார் அவர். ஊதி முடிந்ததும் விவாதத்துக்கு வந்தவர்களிடம், கொம்பொலி யாவ்னேயில் கேட்டாயிற்று, நடந்ததை இனி மாற்ற முடியாது என்றார். சாம்பல் ஆறாத காலத்தில் ஒரு கிழவர் காட்டிய இந்தத் துணிவு என்னை நெகிழ வைக்கிறது.

இன்னொரு சமயம், இடிபாடுகளைப் பார்த்து அவருடைய சீடர் யோசுவா அழுதார். பாவம் தீர்க்கும் இடம் போய்விட்டதே என்பது அவருடைய துக்கம். அதற்கு ஈடான வழி நம்மிடம் இருக்கிறது, அது மனிதருக்கு மனிதர் காட்டும் இரக்கம் என்று யோகனான் தேற்றினார். இதற்கு அவர் ஆதாரம் காட்டியது பலியைவிட இரக்கத்தை மேலாகச் சொன்ன ஓசேயா தீர்க்கதரிசியை.

எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. கோயில் இருந்த காலத்திலேயே ஊர்தோறும் ஜெப ஆலயங்கள் இருந்தன, தோராவை விளக்கும் அறிஞர்களும் இருந்தார்கள். கி.பி. 132 முதல் 135 வரை பார் கோக்பா தலைமையில் இன்னொரு கலகம் நடந்து, அதுவும் பேரழிவில் முடிந்த பிறகுதான், கோயிலைச் சீக்கிரமே மீட்டுவிடலாம் என்ற நம்பிக்கை உடைந்தது. ஜெருசலேமுக்குள் நுழையவே யூதர்களுக்குத் தடை வந்தது.

அதன் பின் சுமார் கி.பி. 200இல், அதுவரை வாய்மொழியாக வந்த சட்டங்களை யூதா என்ற ரப்பி மிஷ்னா என்ற நூலாகத் தொகுத்தார். அதன் ஆறு பெரும் பிரிவுகளில் ஒன்று பெரும்பாலும் பலிகளைப் பற்றியது. கோயில் போய் நூற்றிமுப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் எந்தப் பலியின் இரத்தத்தைப் பீடத்தின் எந்த மூலையில் தெளிக்க வேண்டும் என்று அணு அணுவாக விவாதிக்கிறார்கள்! பலியின் சட்டத்தைப் படிப்பதே பலி கொடுத்ததற்குச் சமம் என்ற எண்ணம் இப்படி வேர்விட்டது. மூன்று வேளைத் தொழுகையும் கோயில் பலிகளோடு இணைத்தே புரிந்துகொள்ளப்பட்டது. இடிக்க முடியாத ஒரு கோயிலை அவர்கள் படிப்பில் கட்டிக்கொண்டார்கள்.

மிஷ்னாவின் மீது தலைமுறை தலைமுறையாக எழுந்த விவாதங்களின் தொகுப்பே தால்முத். பாபிலோனியாவில் உருவான தால்முத் இன்று 2,711 தாள்களாக அச்சிடப்படுகிறது. பக்கத்தின் நடுவில் மூலம் இருக்கும். ஒரு புறம் பதினோராம் நூற்றாண்டில் பிரான்ஸில் வாழ்ந்த ராஷியின் உரை, மறுபுறம் அவருக்குப் பின்வந்தவர்கள் அவரோடு மோதும் உரை. தோற்ற கட்சியின் வாதத்தையும் விடாமல் பதிவு செய்வது இதன் குணம். தினம் ஒரு தாள் என்று உலகெங்கும் ஒரே நேரத்தில் படிக்கும் வழக்கத்தை மேயர் ஷபீரோ என்ற ரப்பி 1923இல் தொடங்கினார். ஒரு சுற்று முடிய ஏழரை ஆண்டு ஆகும்.

தால்முத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஓர் அடுப்புத் தகராறு. ஒருவகை மண் அடுப்புக்குத் தீட்டு உண்டா, இல்லையா என்பது கேள்வி. இல்லை என்றார் எலியேசர் என்ற ரப்பி, மற்ற எல்லோரும் உண்டு என்றார்கள். என் பக்கம் நியாயம் இருந்தால் அந்த மரம் சாட்சி சொல்லட்டும் என்றார் எலியேசர். மரம் வேரோடு பெயர்ந்து நகர்ந்தது. வாய்க்கால் பின்னோக்கி ஓடியது. கடைசியில் வானத்திலிருந்தே ஒரு குரல், எலியேசர் சொல்வதே சரி என்றது. அப்போது யோசுவா எழுந்து நின்றார். தோரா வானத்தில் இல்லை என்றார். அது மண்ணுக்கு வந்துவிட்டது, இங்கே பெரும்பான்மை சொல்வதே சட்டம் என்பது அதன் பொருள். கடவுள் அதைக் கேட்டு, என் பிள்ளைகள் என்னை வென்றுவிட்டார்கள் என்று சிரித்தாராம். ஆனால் எலியேசரைச் சபையிலிருந்து விலக்கி வைத்ததையும், அவர் அழுததையும் தால்முத் அதே மூச்சில் சொல்கிறது.

படிப்பு ஒரு பாதி என்றால் வீடு மறுபாதி. வெள்ளிக்கிழமை சூரியன் மறையும் முன் வீட்டுப் பெண் மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள். திராட்சை ரசத்தின் மீது ஆசி சொல்லப்படுகிறது, இரண்டு ரொட்டிகள் மேசைக்கு வருகின்றன. ரொட்டியை உப்பில் தொட்டுச் சாப்பிடுவார்கள். கோயிலில் பலிகளோடு உப்புச் சேர்த்த நினைவு அது. வீட்டு மேசையே பலிபீடம் என்று ரப்பிகள் சொன்னார்கள். ஓய்வுநாளில் விலக்க வேண்டிய வேலைகள் 39 வகை. பாலைவனத்தில் இறைவனுக்குக் கூடாரம் அமைத்தபோது செய்த வேலைகளிலிருந்து அந்தப் பட்டியலை எடுத்தார்கள். பாஸ்கா இரவில் இப்போது ஆடு பலியிடுவதில்லை. தட்டில் ஓர் எலும்பு மட்டும் அடையாளமாக இருக்கும். வீட்டின் கடைக்குட்டி கேள்வி கேட்க, எகிப்திலிருந்து விடுதலையான கதையைப் பெரியவர்கள் சொல்வார்கள்.

இந்த ஏற்பாட்டுக்குப் பரம்பரைக் குருவும் வேண்டாம், கோபுரமும் வேண்டாம். பத்து ஆண்களும் ஒரு தோராச் சுருளும் சேர்ந்தால் எந்த ஊரிலும் முழுத் தொழுகை நடத்தலாம். நமக்குப் பக்கத்திலேயே அது நடந்தது. சுமார் கி.பி. 1000இல் சேர மன்னன் பாஸ்கர ரவி, யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு உரிமைகள் அளித்து வட்டெழுத்தில் செப்பேடு வழங்கினான். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய ஜெப ஆலயம் இன்றும் இருக்கிறது. 1948க்குப் பிறகு அந்தச் சமூகத்தில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள்.

கோயில் திரும்ப வேண்டுமா என்பதில் யூதர்கள் ஒருமித்த கருத்துடையவர்கள் அல்லர். மரபான தொழுகை தினமும் மூன்று வேளையும் அதைக் கேட்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் எழுந்த சீர்திருத்தப் பிரிவினர் அந்த வேண்டுதலையே நீக்கவோ மாற்றவோ செய்தார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டின் பேரறிஞர் மைமோனிடீஸ், பலி என்பது அக்கால மக்களின் பழக்கத்துக்கு இறைவன் விட்டுக்கொடுத்தது என்று ஒரு நூலில் எழுதினார். தமது சட்டத் தொகுப்பிலோ பலி முறைகளை ஒன்றுவிடாமல் வகுத்தும் வைத்தார். கோயில் நின்றதாகக் கருதப்படும் மேட்டில் ஏழாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இஸ்லாமியரின் பொற்குவிமாடம் நிற்கிறது. மரபுவழி ரப்பிகள் பலர் அந்த மேட்டில் யூதர்கள் ஏறுவதையே தடுக்கிறார்கள். கருவறை இருந்த இடத்தைத் தெரியாமல் மிதித்துவிடக் கூடாதே என்பது அவர்களுடைய அச்சம்.

பலிக்கு இனி என்ன வழி என்ற கேள்விக்கு முற்றிலும் வேறு பதில் வைத்திருந்த இன்னொரு சிறு கூட்டமும் கோயில் எரிந்த அதே காலத்தில் இருந்தது. அதில் முதலில் சேர்ந்தவர்கள் எல்லோரும் யூதர்களே. ரோமர்கள் சிலுவையில் அறைந்த ஒருவருடைய மரணத்தையே இறுதிப் பலியாக அவர்கள் ஏற்றார்கள். அடுத்த வாரம் அவர்களைப் பார்ப்போம்.

(தொடரும்)