லேப்டாப்புக்குள்ளே ஒரு லேப்

ப்ளஸ் ஒன் ஃபிசிக்ஸ் லேபில் செய்த சிம்பிள் பெண்டுலம் ஞாபகம் இருக்கா? நூலில் ஒரு குண்டு, கையில் ஸ்டாப்வாட்ச். 20 அலைவுக்கான நேரத்தை எடுக்கச் சொல்வாங்க. ஏன் 20? ஒரே ஒரு அலைவை அளந்தா போதாதா? எனக்கு இதற்குப் பதில் கிடைச்சது லேபில் இல்லை, பைத்தானில் ஒரு குட்டி லைப்ரரி எழுதினப்போதான். நீங்களும் எழுதலாம்.

எல்லாரும் செய்யும் முதல் தப்பு, எல்லாத்தையும் ஒரே ஃபங்ஷனில் கொட்டுவது. அதை மூணு கிளாஸாகப் பிரிங்க. பைத்தான் 3-ல் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம்.

சோதனை: இப்போதைய நிலையைக் கொடுத்தா, அது எந்த வேகத்தில் மாறுதுன்னு மட்டும் சொல்லணும். ஊசலுக்கு நிலை என்பது கோணமும் கோணத் திசைவேகமும்.

கருவி: உண்மையான மதிப்பை வாங்கி, கொஞ்சம் பிழை சேர்த்து, லீஸ்ட் கவுண்டுக்கு ரவுண்ட் செய்து தரும்.

லேப்: கடிகாரத்தைச் சின்னச் சின்ன ஸ்டெப்பாக நகர்த்தி, ரீடிங்கைச் சேமிக்கும்.

நகர்த்தும்போது கவனம். சாதாரண ஆய்லர் முறையில் ஊசலின் ஆற்றல் தானாகவே ஏறிட்டே போகும். யாரும் தள்ளாமலே குண்டு மேலே மேலே போகும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோமே, அந்த நாலாம் வரிசை ரங்கே-குட்டா முறையைப் போடுங்க. ஸ்டெப் சின்னதா இருந்தா இந்தத் தொல்லை இல்லை.

1 மீட்டர் நூல், சின்னக் கோணம்: அலைவு நேரம் சுமார் 2.01 விநாடி வரணும். வந்தா கோட் சரி. இப்போ 60 டிகிரியில் விடுங்க, சுமார் 2.15 வரும். 'சின்னக் கோணத்துக்கு மட்டும்'னு புத்தகத்தில் போட்டிருந்த நிபந்தனை இதுதான்.

அடுத்து, ஸ்டாப்வாட்ச்சில் 0.2 விநாடி பிழை போடுங்க, நம்ம கை தாமதம் கிட்டத்தட்ட அவ்வளவு. ஒரே அலைவை அளந்தா பிழை 10 சதவீதம். புவியீர்ப்பு முடுக்கத்தில் நேரத்தின் வர்க்கம் வருவதால் அங்கே அது ஏறக்குறைய 20 ஆகிடும். 20 அலைவு எடுத்தா, 40 விநாடியில் அதே 0.2 தான், முடுக்கத்தில் பிழை 1 சதவீதத்துக்கு இறங்கும். கருவி தனி கிளாஸா இருந்ததால்தான் இதைத் தனியா மாத்திப் பார்க்க முடிஞ்சது.

இனி கெபாசிட்டர் சார்ஜ் ஆவதைச் சேர்க்கணுமா? 10 கிலோ ஓம், 100 மைக்ரோ ஃபாரட். நேர மாறிலி 1 விநாடி. புதுசா ஒரு சோதனை கிளாஸ் எழுதினா போதும், 1 விநாடியில் 63 சதவீதம் ஏறும். லேப் கிளாஸில் ஒரு வரிகூட மாறக் கூடாது. அங்கே 'ஊசலா, சர்க்யூட்டா'ன்னு ஒரு இஃப் போட வேண்டி வந்தா, பிரிச்சது தப்புன்னு அர்த்தம்.

கடைசியா ஒண்ணு. இதில் வரும் ரீடிங்கை ரெக்கார்டு நோட்டில் எழுத ஆசை வரும். வேண்டாம். அதில் இருக்கும் பிழைகூட நாம டைப் செய்ததுதான். காற்றின் தடையை நாம எழுதலைன்னா, அந்த உலகத்தில் காற்றே கிடையாது. நிஜ ரீடிங்கைப் பக்கத்தில் வெச்சு ஒப்பிடுங்க. ரெண்டும் எங்கே ஒத்துப்போகலையோ, வைவாவில் கேள்வி அங்கேதான் வரும்.