சிப்பிக்கு உரிமம், தண்ணீர் யாருக்கு?

திருத்தணி மலையில் 365 படி ஏறி நின்றாலும் கடல் தெரியாது. இங்கே உட்கார்ந்துகொண்டு சிப்பி வளர்ப்புச் சட்டத்தைப் பற்றிப் பேசினால், 'உனக்கெதுக்குய்யா இந்த வேலை?' என்கிறார்கள் நண்பர்கள். 1960 ஏப்ரல் 1இல் ஆந்திரத்திலிருந்து இந்தப் பக்கம் வந்த ஊர் இது. இன்று நாம் திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கு ஓரம். கிழக்கு ஓரம் பழவேற்காடு. பக்கத்துப் பள்ளிப்பட்டு வழியாக வருகிற கொசஸ்தலையாறு பூண்டியைத் தாண்டி எண்ணூரில் கடலைத் தொடுகிறது. ஆக, கழிமுகத்துத் தண்ணீரில் நமக்கும் பங்குண்டு, பொறுப்பும் உண்டு.

சிப்பிக்குத் தீனி போட வேண்டாம். ஒட்டிய இடத்திலேயே கிடந்து, தண்ணீரை இழுத்து வடிகட்டி, அதிலுள்ள நுண்பாசியைத் தின்று வளரும். இறாலோடு ஒப்பிட்டால் சாது. அப்படியானால் அரசு இதில் ஏன் தலையிட வேண்டும்? இரண்டு காரணங்கள். ஒன்று, வடிகட்டும்போது கிருமியையும் உலோகத்தையும் சேர்த்தே உடம்பில் தேக்கிக்கொள்ளும். அதனால்தான் பல நாடுகளில் நீர்ப்பரப்பைச் சோதித்து, அறுவடைக்கு ஏற்றது, ஆகாதது என்று பிரிக்கிறார்கள். இரண்டு, சிப்பி நகராது. நகராத பயிருக்கு நிலையான இடம் வேண்டும். ஒருவர் கழி நட்டுக் கயிறு கட்டிய இடத்தில் இன்னொருவர் வலை போட முடியாது. 'பொது' என்பது சத்தமில்லாமல் 'தனி' ஆகிற இடம் இதுதான்.

இந்தச் சண்டை புதிதல்ல. 1821இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஆற்றுப் படுகையில் சிப்பி விதைத்த ஒருவர், அதை அள்ளியவர்மேல் வழக்குப் போட்டார். அலை ஏறி இறங்கும் நீர் எல்லோருக்கும் பொது, அரசு அதன் காவலாளி மட்டுமே என்று நீதிமன்றம் சொன்னது. 'பொது நம்பிக்கை' என்கிற சட்டக் கோட்பாட்டுக்கு அமெரிக்காவில் வேர்பிடித்தது ஒரு சிப்பி வழக்கில்!

நம் பக்கம் என்ன நடந்தது? 1910 வாக்கிலேயே மாகாண மீன்வளத் துறையின் ஜேம்ஸ் ஹார்னெல் பழவேற்காட்டில் சிப்பி வளர்ப்பை முயன்று பார்த்தார். ஆனால் நம் கரையில் சட்டத்தை உலுக்கியது இறால். சர்வோதயத் தலைவர் எஸ். ஜகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1991ஆம் ஆண்டுக் கடற்கரை மண்டல அறிவிக்கையின் 500 மீட்டர் எல்லைக்குள் மரபுசாராப் பண்ணை கூடாது, இருப்பதை இடி. பழவேற்காடு, சிலிகா ஏரிகளிலிருந்து 1000 மீட்டருக்குள்ளும் கூடாது. இரண்டே நாள் கழித்து, அதே நீதிபதிகள் குல்தீப் சிங்கும் சாகிர் அகமதுவும் வேறொரு வழக்கில் 'பொது நம்பிக்கை'யை இந்தியச் சட்டமாக அறிவித்தார்கள்.

அப்புறம்? 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. 500 மீட்டர் 200 ஆனது; ஏற்கெனவே இருந்த பண்ணைகளுக்கு அதிலும் விலக்கு. 1991 அறிவிக்கையையே முன்தேதியிட்டுத் திருத்தினார்கள். 2023ஆம் ஆண்டுத் திருத்தம் சிப்பி, முத்துச்சிப்பி, கடற்பாசி, கூண்டு மீன் எல்லாவற்றையும் இதே குடையின்கீழ் கொண்டுவந்தது. மீறினால் சிறை என்றிருந்தது வெறும் அபராதமாகச் சுருங்கியது. 'ஒழுங்காற்று' என்ற சொல்லாடல் தடுப்பதிலிருந்து அனுமதிப்பதற்கு நகர்ந்த கதை இது. உரிமம் என்பது விண்ணப்பம், வரைபடம், கட்டணம். இவற்றைத் தூக்கிக்கொண்டு போகக்கூடியவனுக்கே தண்ணீர்.

அப்படியானால் மரபுக்குத் திரும்புவோமா? பழவேற்காட்டில் 'பாடு' முறை இருக்கிறது. தலைக்கட்டு ஆண்கள் சீட்டுப் போட்டு, முறைவைத்து வலை இடத்தைப் பகிர்ந்துகொள்வார்கள். அரசுக் காகிதம் இல்லாத அருமையான ஒழுங்கு என்று ஆய்வாளர்கள் கொண்டாடுகிறார்கள். கொண்டாடலாம். ஆனால் அந்தச் சீட்டில் பெண் பெயர் இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர் பெயரும் இல்லை. அரசின் உரிமத்துக்கும் சாதியின் பாடுக்கும் நடுவே நிற்கிற இந்தக் கைகளுக்கு எந்தப் பதிவேடும் கிடையாது. சிப்பிப் பண்ணை வந்தால் முதலில் வேலி விழுவது இவர்கள் கால் பதிக்கிற ஆழமற்ற நீரில்தான்.

இன்னொன்று. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகமெங்கும் எண்ணெய் படிந்தது. அனல்மின் சாம்பலோ பல ஆண்டுக் கதை. சிப்பி வளர்ப்பவனுக்கு உரிமம் கேட்கிற அரசு, சிப்பி குடிக்கிற தண்ணீருக்கு யாரிடம் கணக்குக் கேட்கிறது?

எனவே 'பண்ணை வேண்டுமா, வேண்டாமா' என்று மட்டும் விவாதித்துக்கொண்டிருப்பது பயனில்லை. உரிமம் கொடுப்பதற்கு முன், அந்த இடத்தில் இதுவரை யார் கை வைத்துப் பிழைத்தார்கள் என்ற பட்டியல் கிராமத்தில் வாசிக்கப்பட வேண்டும். பெண்களும் இருளர்களும் உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில். நீர்ச் சோதனை முடிவு தமிழில் கரையில் ஒட்டப்பட வேண்டும். இந்த இரண்டும் இல்லாத ஒழுங்காற்று, வேலிக்குச் சட்டம் போட்டுக் கொடுப்பதே.