முகங்காணா நட்பு

மைதானமும் பந்தும் இன்றி விளையாட்டுண்டோ என வினவுவோர் நம்மிடையே பலர். ஆயின், ஒருவர் முகத்தை ஒருவர் காணாது, கணினித் திரைவழியே பலர் கூடி ஆடும் ஆட்டங்கள் இன்று உலகெங்கும் பரவியுள்ளன. 2004 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்’ அவற்றுள் ஒன்று.

அதில் ஐவர் ஒருங்கே குகையுட் புகுவர். ஒருவர் பகைவரின் அடிகளைத் தாமே ஏற்பார், ஒருவர் தோழரின் காயம் ஆற்றுவார், ஏனையோர் தாக்குவர். வென்றபின் கிடைக்கும் பொருள் எவருக்கென்பதை, 1 முதல் 100 வரை எண் உருட்டி முடிவு செய்வர். தமக்குப் பயன்படாத பொருளுக்கு உருட்டலாகாது என்பது ஆடுவோரே வகுத்த மரபு. அதனை மீறுவோரைத் தோழர் மீண்டும் சேர்த்துக்கொள்ளத் தயங்குவர். நம் பாடசாலை மைதானங்களிலும் இத்துணை ஒழுங்கைக் காண்பது அரிதே!

இங்கு மலரும் நட்பு மெய்யானதோ? நோர்வே நாட்டு இளைஞர் மட்ஸ் ஸ்டீன், தசைநலிவு நோயினால் சக்கர நாற்காலியில் வாழ்ந்து, 2014 இல் 25 ஆவது வயதில் மறைந்தார். மகன் தனிமையில் வாடினான் என்றே பெற்றோர் எண்ணியிருந்தனர். மரணச் செய்தியை அறிவித்ததும், பல நாடுகளிலிருந்து இரங்கல் மடல்கள் வந்து குவிந்தன. ‘இபெலின்’ என்ற பெயரில் ஆடிய அவர், கணினியை இழந்த தோழி ஒருத்திக்காக அவள் பெற்றோருக்குக் கடிதம் எழுதியவர். மகனை நெருங்க இயலாது தவித்த தாய் ஒருவருக்கு வழி கூறியவர். தம் நோயை மட்டும் நெடுங்காலம் மறைத்திருந்தார். முன்பின் கண்டிராத அத்தோழருட் சிலர் இறுதிச் சடங்கிற்கு நேரில் வந்தனர்.

ஆட்டத்துள் நுழைந்ததும் இபெலின் முதலில் நெடுந்தூரம் ஓடுவது வழக்கம். அவர் மறைந்தபின், தோழர் திரையில் ஒன்றுகூடி, அவர் ஓடிய வழியே ஓடி நினைவுகூர்ந்தனர்.